பயணத்தில் வந்த றைஸ் குக்கர்

மிளகாய்த்தூள் போத்தலைக் காதோடு வைத்துக் குலுக்கிப் பார்க்கிறார் மகேந்திரராசா. சத்தம் கேட்டால் போத்தல் நிரம்பவில்லை என்று அர்த்தம். மூடியைத் திறந்து, கரண்டிக் காம்பால் தட்டித் தட்டி இன்னும் கொஞ்சம் இறக்குகிறார். மறுபடி குலுக்கல். இப்போது சத்தமில்லை, ஆள் பயணத்துக்குத் தயார். மூக்குக்கண்ணாடி, போன், வங்கி அட்டை எல்லாவற்றையும் மனைவி சிறிதேவி தேடி எடுத்துக் கொடுப்பாள். போத்தல் மட்டும் அவருடைய பொறுப்பு. அதற்கென்றே சேட்டில் இடப்பக்கப் பை.

இருபத்தாறு வருடமாக ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார். புருசெத்தில் நாலாம் மாடியில் வீடு. சொந்தக் காரையும் பஸ்ஸாகவே ஓட்டுவார். புறப்படுமுன் கண்ணாடியில் பின் இருக்கையைப் பார்த்து, மகள் ஆரபியும் நானும் ஏறிவிட்டோமா என்று எண்ணுவார். நாங்கள் இரண்டே பேர்தான், இருந்தும் எண்ணுவார். "கதவு பூட்டுது" என்று அறிவித்தபிறகுதான் கார் நகரும். வழியில் ஒரு நல்ல காட்சியைக் கண்டு நிறுத்தச் சொன்னால், "அடுத்த தரிப்பிலை பாப்பம்" என்பார். சிறிதேவிக்கு நான் ஒன்றுவிட்ட அக்கா. அந்தக் காரில் இடம் கிடைத்தது அந்த உறவினால்தான்.

நோர்வேச் சாப்பாட்டைப் பற்றி அவரிடம் இருப்பது ஒரே வசனம்: "உது ஆஸ்பத்திரியிலை கிடக்கிறவைக்கு." வேலையிடத்து விருந்துகளில் யார் எதை நீட்டினாலும் "நை தக்" என்பார். வேண்டாம், நன்றி. இந்த நாட்டு மொழியில் அவர் ஆகத் திருத்தமாக உச்சரிக்கும் இரண்டு சொல் அவைதான்.

எங்கள் ஆட்களின் வீடுகளில் அவருடைய "வேண்டாம்" வேறு சாதி. வலது உள்ளங்கையைத் தட்டுக்கு மேல் குடைபோல விரிப்பார். ஆனால் விரல்களுக்கு நடுவே ஒரு கரண்டி கறி தாராளமாக இறங்க இடமிருக்கும். பரிமாறுகிறவருக்கும் அது தெரியும். போட்டுவிடுவார். "சொன்னாக் கேக்கிறியளில்லை" என்று அலுத்துக்கொண்டே மகேந்திரராசா குழைப்பார். மூன்றாம் தடவை கை தட்டைத் தொட்டு மூடினால்தான் உண்மையிலேயே போதும்.

விடுமுறை என்றால் அவர்களுக்கு ஏதாவது வாடகைக் குடில். துரொண்ட்ஹெய்முக்குப் போனபோது சிறிதேவி தாளித்த கடுகுக்குப் புகை மணி அடித்து, பக்கத்துக் குடில்காரர் எல்லாரும் நித்திரை உடுப்போடு வெளியே வந்து நின்றார்கள். மற்றவர்கள் மலைகளுக்கு நடுவே கடல் நுழையும் பியோர்ட் பார்த்த இடங்களில் அவள் பார்த்தது அடுப்பைத்தான். இந்த வருடம் நிபந்தனை போட்டாள்.

"நாலு நாளும் நான் அடுப்பு மூட்டமாட்டன். சம்மதமெண்டா வாறன். இல்லாட்டி நீங்கள் போயிட்டு வாங்கோ."

"ஓம், ஓம். நானென்ன சோத்துக்குச் செத்தனானே?" என்றார் மகேந்திரராசா.

தென்கரையில் லில்லசாண்டுக்குக் கிட்ட, கடலைப் பார்த்த ஒரு சின்ன வெள்ளை மரவீடு. சொந்தக்காரர் தேரியெ பத்தடி தள்ளி மேட்டில் குடியிருந்தார். குழாய் திருத்துகிறவர், தனி ஆள். சிறிதேவி வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அந்தக் கால்களை அப்படி நீட்டியபடி நான் பார்த்து எத்தனையோ வருடம். நாங்கள் கடையில் றாலும் பாணும் வாங்கிச் சாப்பிட்டோம். மகேந்திரராசா முறுகல் ரொட்டியில் மிளகாய்த்தூள் தூவிக் கடித்தார்.

இரண்டாம் நாள் பின்னேரம், "தேவி, எனக்குத் தலை சுத்துது" என்றார்.

"அது கடல் காத்து."

கொஞ்ச நேரத்தில் காருக்குப் போய், போர்வையில் சுற்றிய ஒரு உருண்டையோடு வந்தார். பிரித்தால் வீட்டு றைஸ் குக்கர். உள்ளே ஒரு பை அரிசி, ஒரு பை பருப்பு.

"உது எப்பிடி இஞ்சை?"

"தெரியாது. தற்செயலா ஏறியிருக்கு."

"எங்கை இருந்தது?"

"மாத்துச் சில்லுக்குக் கீழை."

"தற்செயலா வந்தது தற்செயலாத் திரும்பிப் போகட்டும்."

"சோறு நான் போடுவன் தேவி. கறிக்குத்தான்..."

"கறிக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். "மச்சாள், நீங்களும் ஒண்டும் கதைக்கிறியளில்லை." என் வாய் நிறைய றால் இருந்தது.

சிறிதேவி எழும்பவில்லை. ஆனால் நீட்டியிருந்த கால்கள் மடங்கிவிட்டன. இன்னொரு நாள் இப்படி முனகினால் அவளே எழும்பிப் பருப்பைக் கழுவிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

மறுநாள் வியாழக்கிழமை. தேரியெ வந்து எல்லாரையும் சாப்பிட அழைத்தார்.

"கொம்ப அவிச்சிருக்கிறாராம்," என்றாள் ஆரபி. "இந்தப் பக்கத்திலை வியாழனெண்டா அதுதானாம், அப்பா. நை தக் சொல்லாதேங்கோ. ப்ளீஸ்."

கொம்ப என்பது பச்சை உருளைக்கிழங்கைத் துருவி, மாவோடு பிசைந்து, கைப்பிடி அளவு உருட்டி இறைச்சித் தண்ணீரில் அவிப்பது. நிறம் மழைக்கால ஒஸ்லோ. தட்டில் இரண்டு உருண்டைகளை வைத்து, மேலே வெண்ணெயும், அதற்கும் மேலே சீனிப்பாகும் ஊற்றினார் தேரியெ. மகேந்திரராசாவின் கை சேட்டுப் பைக்குப் போனது. தேரியெ நேரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததால், போத்தலை எடுக்காமல் மரியாதைக்கு ஒரு துண்டை வாயில் வைத்தார்.

மென்றார். நிறுத்தினார். உருண்டையை இரண்டாகப் பிளந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கொழுக்கட்டைக்குள்ளை உப்பிறைச்சி வைச்சிருக்கிறான்," என்று தமிழில் எனக்கு மட்டும் சொன்னார். குரலில் ஒரு பயபக்தி.

போத்தல் பையிலேயே கிடந்தது. முதலில் காலியான தட்டு அவருடையது. தேரியெ சட்டியோடு வந்து, இன்னும் போடவா என்று கேட்டார்.

கை குடைபோல விரிந்தது. விரல்களுக்கு நடுவே ஒரு கொம்ப போகுமளவு இடம். "நை தக்," என்றார் மகேந்திரராசா, மிகத் திருத்தமாக.

தேரியெ தலையசைத்தார். சட்டியை மூடினார். கொண்டுபோய் அடுப்பில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, கடலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். இருபத்தாறு வருடம் உண்மையாகச் சொன்ன நை தக். அன்றைக்குத்தான் முதல் பொய்.

திரும்பி வந்தும் அவர் படியிலேயே நின்றார். "அந்த மனிசன் இன்னொருக்கால் கேட்டிருக்கலாம்."

"நீங்கள் வேண்டாமெண்டு சொன்னனீங்கள் அப்பா."

"ஓம். வேண்டாமெண்டுதான் சொல்லுறது. அவர்தான் போடவேணும்."

சிறிதேவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "சட்டியிலை இன்னும் ஏழெட்டுக் கிடந்தது. போய்க் கேளுங்கோ."

"சாப்பாட்டைக் கேட்டு வாங்கிறதோ?"

"அப்ப பேசாமல் படுங்கோ. நான் எழும்பமாட்டன்."

உள்ளே போனார். சமைக்கச் சொல்லித்தான் குக்கரோடு வரப்போகிறார் என்று நினைத்தோம். குக்கரின் வெறும் உள்பானையோடு வந்தார். அரிசியும் பருப்பும் வெளியே எடுக்கப்பட்டிருந்தன. பானையைச் சேட்டு நுனியால் துடைத்தபடி, எங்களைப் பாராமல் மேட்டில் ஏறினார். கோடை வெளிச்சம், மேல்வீட்டுச் சமையலறை யன்னல் விரியத் திறந்திருந்தது.

ஒரு சொல்லும் சொல்லாமல் இரண்டு கையாலும் பானையை நீட்டினார். தேரியெ அதை வாங்கி மேசையில் வைத்து, இரண்டு கொம்பவை இட்டார். அகப்பை மேலேயே நிற்க, போதுமா என்று கேட்டார்.

சிறிதேவி கால் நீட்டியபடி கழுத்தை மட்டும் எக்கிப் பார்த்தாள். மகேந்திரராசாவின் வலது கை பழக்கத்தில் பானைக்கு மேலே எழும்பியது. பாதி வழியில் அதை இடது கையால் எட்டிப் பிடித்து, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார்.