கடித்தது அது இல்லை

காமயகவுண்டன்பட்டியில் யார் வீட்டுச் சுவரிலாவது உள்ளங்கை அகலத்துக்கு எட்டுக்கால் பூச்சி தென்பட்டால், விளக்குமாற்றைத் தேடும் முன்பே மோட்டார் அம்மாவாசிக்குப் போன் போட்டுவிடுவார்கள். தோட்டங்களில் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பதுதான் அவர் தொழில். பூச்சி பிடிப்பது தொழில் இல்லை. ஆனாலும் ஊர் அதற்காகத்தான் அவரை அதிகம் தேடியது.

அந்த அறிவு அவருக்கு ஒரு கடியில் வந்தது. இருபது வருஷத்துக்கு முன் ஒரு திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கையை விட்டார். சுரீரென்று ஏதோ கடித்தது. பார்த்தால், காலை விரித்துக்கொண்டு பெரிய பூச்சி ஒன்று. செத்தோம் என்று நினைத்து ரூம் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் ஆனது. சாவு வரவில்லை. பூச்சியும் போகவில்லை. வேறு வேலை இல்லாததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் வீங்கி இரண்டு நாளில் வடிந்தது. பார்க்கும் பழக்கம் மட்டும் வடியவில்லை.

அப்படிப் பார்த்ததில் மூன்று ஜாதியைப் பிரித்துவைத்திருந்தார். சுவரோடு சுவராகத் தட்டையாக ஒட்டிக்கொண்டு, வலை பின்னாமல், நண்டு போலப் பக்கவாட்டில் ஓடுவது ஒன்று. அது கரப்பான் தின்ன வீட்டுக்குள் வருகிறது. ஆளைக் கண்டால் அதற்குத்தான் பயம். திராட்சைப் பந்தலுக்குக் குறுக்கே மஞ்சள் நூலில் பெரிய வலை கட்டி நடுவில் தொங்குவது இன்னொன்று. அது தோட்டத்தைவிட்டு வராது. மூன்றாவது, உடம்பெல்லாம் மயிர் அடர்ந்து மரப்பொந்திலும் கல் இடுக்கிலும் குடியிருப்பது. அதனிடம் மட்டும் அவர் விளையாட மாட்டார். “இதுகிட்ட மரியாதையா இருக்கணும்” என்று எல்லோரையும் நாலடி பின்னால் நிறுத்திவிட்டு, நீளக் கம்பால் ஒதுக்கி வெளியே விடுவார்.

சுவரில் ஓடுவதற்கு வேறு வழி. அகலமான பிளாஸ்டிக் டப்பாவை அதன் மேல் மெதுவாகக் கவிழ்ப்பார். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை அடியில் நுழைப்பார். அட்டை கெட்டியாக இருப்பதால் பத்திரிகைதான் தோது. அப்படியே கொண்டுபோய்த் தென்னந்தோப்பில் விட்டுவிடுவார். “விஷமாண்ணே?” என்று வீட்டுக்காரர்கள் கேட்டு முடிப்பதற்குள் “இல்ல” என்று வந்துவிடும்.

“எட்டுக்கால் பூச்சிக்குத் தாலி கட்டியிருந்தா அவுக இன்னும் நல்லா வச்சுக் காப்பாத்தியிருப்பாக” என்பாள் அவர் மனைவி சங்கிலியம்மாள், தோட்டத்தில் கூட வேலை பார்க்கும் பெண்களிடம். சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள்.

போன ஐப்பசியில், மழை விட்டுவிட்டுப் பெய்த வாரத்தில், அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டாள். போட்டால் தணிந்தது, பிறகு ஏறியது. மூன்றாம் நாள் புதன்கிழமை காலை குளித்துவிட்டு வந்தவள், பாவாடை நாடா கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே இடுப்பில் ஒரு புண்ணைக் காட்டினாள். மிளகு அளவுக்குக் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. பீடியால் சுட்டதுபோல் இருந்தது. வலிக்கவே இல்லை என்றாள்.

அடுத்த வீட்டு ராக்கம்மாள் எட்டிப் பார்த்ததும் முடிவே சொல்லிவிட்டாள்.

“ஏப்பா தம்பி, எட்டுக்கால் பூச்சி கடிச்சிருக்கு. விஷம் ஏறித்தான் காய்ச்சல் விட மாட்டேங்குது. கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு ஊசியப் போடு.”

“அது கடிச்சா இப்படி வராதுக்கா.”

“நீ என்ன டாக்டரா? மோட்டாருக்குக் காயில் கட்டுறவன்தான?”

“காயில் கட்டுறவன்தான். என்னக் கடிச்சிருக்கு. உன்னக் கடிச்சிருக்கா?”

“மதினி, அவுககிட்ட வம்பு வளக்காதீக” என்று சங்கிலியம்மாள் படுத்தபடியே சிரித்தாள். “அவுக சொந்தபந்தத்தச் சொன்னா தாங்க மாட்டாக.”

ராக்கம்மாள் போன பிறகு அவள் சிரிக்கவில்லை. “எதுக்கும் ஒருதரம் போயிக் காட்டிட்டு வந்துருவமாங்க?” என்று கேட்டாள்.

வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. “இரு, மொதல்ல ஆளக் கண்டுபிடிப்போம்” என்றார். பீரோவை நகர்த்தினார். கட்டிலைத் தூக்கிப் பார்த்தார். கடைசியில் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது, சுவரில் ஓடுகிற ஜாதிதான். வயிற்றுக்கு அடியில் பெரிய சட்டைப் பொத்தான் போல வெள்ளை முட்டைப்பையை அணைத்துக்கொண்டிருந்தது. டப்பாவில் பிடித்து அவள் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினார்.

“பாரு. முட்டைய வச்சிக்கிட்டு ஒதுங்கிக் கெடக்கு. நாம போயிச் சீண்டாம இது தேடி வந்து யாரையும் கடிக்காது. கடிச்சாலும் ரெண்டு நாள் வீக்கம், அம்புட்டுத்தான்.”

“அப்ப இது இல்லையா?”

“இது இல்ல.”

“அப்பச் சரி” என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. ராக்கம்மாள் சொன்னதுதான் முழுக்கத் தப்பு. ஆனால் அந்தத் தப்பைக் கேட்டிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். பூச்சி இல்லையென்றால் பின்னே என்ன என்று அவர் கேட்டுப் பார்க்கவில்லை. கேள்வி வரவேண்டிய இடத்தில் நிம்மதி வந்து உட்கார்ந்துகொண்டது. டப்பாவை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனார். அங்கிருந்து அப்படியே ஒரு மோட்டார் வேலைக்கும் போனார்.

வியாழன், வெள்ளி, சனி மாத்திரையில் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை கஞ்சி இறங்கவில்லை. திங்கட்கிழமை காலை அவளுக்கு மூச்சு வாங்கியது, பேச்சு குழறியது. கம்பத்துக்கு ஆட்டோவில் போனார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் தேனிக்கு அனுப்பினார்கள். மகள் கயல் பழனிசெட்டிபட்டியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் முன்னாலேயே வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தாள்.

பெண் டாக்டர் ஒருவர் சேலையை விலக்கி இடுப்பைப் பார்த்ததுமே நிமிர்ந்தார்.

“இந்தப் புண்ணு எத்தன நாளா இருக்கு?”

“அஞ்சாறு நாளா.”

“இது உண்ணிக் காய்ச்சல். புல்லு, புதர்ல இருக்கிற உண்ணி. கண்ணுக்கே தெரியாது, கடிச்சதும் தெரியாது. இந்தக் கறுப்புப் புண்ணுதான் அடையாளம்.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “ஆரம்பத்துலயே வந்திருந்தா இதுக்குன்னு இருக்கிற மாத்திரைக்கே கேட்டிருக்கும். இப்ப நுரையீரலுக்குப் போயிருச்சு. பாப்போம்.”

ஆட்டுக்குப் புல் அறுக்க மலையடிவாரத்துக்கு அவள் வாரத்தில் மூன்று நாள் போவாள். புல்லுக்கட்டை இடுப்பில்தான் அணைத்துக்கொண்டு வருவாள். அம்மாவாசிக்கு அது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கிலியம்மாள் இறந்தாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் விதி என்றார்கள். ராக்கம்மாள்கூட, தான் சொன்ன ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவ்வளவுதான். அதையெல்லாம் அவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுகள் கிளம்பிப் போன மத்தியானம், கயல் அம்மாவின் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை.

“இப்படியே இருந்தா எப்படிப்பா? உங்களுக்கு என்ன தெரியும்? உண்ணிக் காய்ச்சல்னு ஒண்ணு இருக்கிறது இங்கன யாருக்குத் தெரியும்?”

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். பதினைந்து நாள் அப்படித்தான் இருந்தார்.

“தெரியும்னுதான் தாயி சொன்னேன்.”

“என்னது?”

“ஆஸ்பத்திரிக்குப் போவமான்னு அவ புதன்கிழமையே கேட்டா. நான் பூச்சியப் பிடிச்சுக் காமிச்சு, இது இல்லன்னு சொல்லிட்டேன். அவளும் சரின்னுட்டா.”

சேலையின் மேல் இருந்த கயலின் கை நின்றது. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அழுதாலும் பரவாயில்லை என்றிருந்தது. அவள் சேலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அன்னைக்குச் சாயங்காலம் அம்மா எனக்குப் போன் பண்ணுச்சு.”

“என்னன்னு?”

“ஒருதரம் போயிக் காட்டட்டுமான்னு எங்கிட்டயும் கேட்டுச்சு. அப்பா பாத்துட்டாகன்னா சரியாத்தான் இருக்கும்மா, பேசாமப் படுன்னு சொன்னேன்.”

இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறாள். இரண்டு பேரும் அவர் அறிவையே பதிலாகச் சொல்லியிருக்கிறார்கள். உனக்கு என்ன தெரியும் தாயி என்று மகளைத் தேற்ற அவருக்கு வாய் வரைக்கும் வந்தது. அவள் சற்று முன் சொன்னபோது அந்த வார்த்தை தனக்கு எதுவும் செய்யவில்லை என்பதால் சொல்லாமல் விட்டார்.

நாலு மணி பஸ்ஸுக்கு அவள் கிளம்பினாள். பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தார். வேளைக்குச் சாப்பிடுங்க என்று ஒவ்வொரு முறையும் சொல்பவள், அன்றைக்குச் சொல்லவில்லை. பையை வாங்கிக்கொண்டு ஏறினாள். அவர் நின்ற பக்கம் ஜன்னல் ஓரத்தில் இடம் இருந்தது. அவள் தாண்டிப்போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.