கழற்றி வைத்த கிரிஸ்டல்

என் மேசை இழுப்பறையில், ஒரு தைல டப்பாவுக்குள், புளியங்கொட்டை அளவில் ஒரு தகரக் குமிழ் கிடக்கிறது. எண்பதுகளின் கடைசியில், பழவேற்காட்டு இறால் கம்பெனியின் கம்ப்யூட்டரிலிருந்து நான் கழற்றியது. கிரிஸ்டல் என்பார்கள். பிராசஸர் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று தாளம் போட்டுக் கொடுப்பது அதுதான். அதை எடுத்துவிட்டு வேகமான இன்னொன்றை வைத்தால், அதே பழைய பிராசஸர் விழுந்தடித்துக்கொண்டு ஓடும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, ஆபரேட்டர் வேலை, தலைகால் புரியாத கர்வம். ரிப்போர்ட் தாமதமாகிறது என்று மேனேஜர் சிடுசிடுத்துக்கொண்டே இருந்தார். சென்னையில் ரேடியோ சாமான் கடையில் வேறு கிரிஸ்டல் வாங்கிவந்து, ஆளில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். மறுநாள், "இன்னாப்பா, மிஷினுக்கு கொம்பு மொளச்சிடுச்சா?" என்று முதுகில் தட்டினார்.

அந்த மிஷினின் கடிகாரமும் அதே கிரிஸ்டலை நம்பித்தான் ஓடியது. காலையில் நான் கீபோர்டில் நேரத்தைத் தட்டி ஆரம்பித்தால், மதியத்துக்குள் இருபது நிமிடம் முந்திவிடும். மடையன், எனக்கு அது உறைக்கவேயில்லை. இறால் உரிக்கும் பெண்களுக்கு மதிய ஷிப்ட் ஒரு மணிக்கு. நான் பெயரைத் தட்டினால் வந்த நேரம் தானாக விழும். மூன்று நாள் தாமதமானால் வேலை போய்விடும். ஊருக்குள்ளிருந்து வருபவர்கள் முன்னதாகவே வந்துவிடுவார்கள். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்திலிருந்து கடைசிப் படகில் வரும் அக்காதான் மாட்டிக்கொண்டாள். கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை, இரண்டு பிள்ளைகள். "எலும்பும் தோலுமா கீறியே நைனா" என்று எனக்கு நண்டு அவித்துக்கொண்டு வருவாள்.

மூன்றாம் நாள் அவள் மேனேஜர் முன்னால் நின்றாள். "பள்ளிவாசல்ல பன்னெண்டே முக்கா பாங்கு சொல்லச் சொல்ல கரையேறிட்டேன் சார். அதுக்குள்ள எப்டி ஒண்ணேகால் ஆவும்?"

"கம்ப்யூட்டரே சொல்லுது, நீ இன்னாமா பேசுறே?"

அப்போதுதான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பத்தைந்து. திரையில் ஒன்றேகால். அக்கா என் பக்கம் திரும்பி, "நீயாச்சும் சொல்லு நைனா" என்றாள். அனுமதியில்லாமல் மிஷினைத் திறந்தது தெரிந்தால் என் வேலை போய்விடும். திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தாள். மறுநாள் முதல் தினமும் பன்னிரண்டரைக்கு யாருக்கும் தெரியாமல் சரியான மணியைத் தட்டிவைத்தேன். பழைய கிரிஸ்டலைத் திரும்பப் பொருத்தவில்லை. அந்த வேகத்தை விட மனம் வரவில்லை. சீ, அதுவும் ஒரு பிழைப்பா?

பல வருடம் கழித்து மீஞ்சூர் ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. மீன் கூடையோடு, ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தாள். என்னை அடையாளம் கண்டு, பிள்ளைகளைப் பற்றியெல்லாம் சொன்னாள். மணிக்கட்டில் பெரிய ஆம்பிளை வாட்ச். நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துச் சிரித்தாள். "அன்னிக்கி நாந்தான் லேட்டு பண்ணிட்டேன் போல. நம்ம கணக்கு எதுக்கு ஆவும்? இப்போ இதுல இருபது நிமிசம் முன்னாடியே வெச்சிக்கினு ஓடிக்கினே கீறேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

டப்பாவைத் திறந்து பார்க்கிறேன். கிரிஸ்டலின் கம்பிக் கால்களில் ஈயம் ஒட்டியபடி அப்படியே இருக்கிறது. இதைக் கழற்றாமல் விட்டிருந்தால், மிஷினும் அவள் சொன்ன நேரத்தையே சொல்லியிருக்கும்.