சுத்தத் தண்ணீருக்கு முட்டி வலி

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. அதில் பாதி, சொட்டுகளைப் பார்த்தே கழிந்தது.

விழுங்கும் மாத்திரையும் பூசும் களிம்பும் நம்மோடு முடிவதில்லை. சாக்கடை வழியே தண்ணீருக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அவற்றைப் பிடித்துக் கொடுப்பது அவள் வேலை. விரல் பருமனில் ஒரு குழாய், அதனுள் வெள்ளைத் தூள். மேலே தண்ணீரை ஊற்றினால், தூள் மருந்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை விட்டுவிடும். பிடித்ததை மெத்தனால் திரவத்தில் கழுவி இறக்கி, என்ன மருந்து, எவ்வளவு என்று சொல்லும் மெஷினுக்கு அனுப்புவாள். அவசரப்பட்டால் மருந்து நழுவிவிடும். பம்ப் முனக, ஜன்னல் வெளிச்சம் ஒவ்வொரு சொட்டிலும் தங்கிப்போக, அவளுக்குக் கண் திறந்தபடியே கனவு வரும்: தானே ஒரு துளியாகி, வெள்ளை மணலுக்குள் இறங்கி, யாரோ மறந்துபோன காய்ச்சல்களைத் தாண்டிப் போவதுபோல.

அன்று இறங்கியது நாத்தனார் தெருவின் கிணற்றுத் தண்ணீர். ஆஸ்பத்திரிக் கழிவு கசிகிறதோ என்று கிணற்றைப் பூட்டியிருந்தார்கள். தெருவே குடத்தோடு மேடு ஏறி இறங்கியது, நாத்தனாருக்கோ நிறைமாதம்.

"அண்ணி, தொறக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று போனில் கெஞ்சியிருந்தாள்.

"தண்ணி சொல்லட்டும்டி. நான் யாரு சொல்ல?"

மாலையில் மெஷின்காரர் எட்டிப் பார்த்தார். "மேடம், கிணத்துல வலி மருந்து இருக்கு."

அவள் பம்பை நிறுத்தினாள்.

"இன்னொண்ணு கேளுங்க. நீங்க கூடவே இறக்கின சுத்தத் தண்ணியிலயும் அதே மருந்து, அதே அளவு. சுத்தத் தண்ணிக்கு எப்ப மேடம் முட்டி வலி வந்துச்சு?"

சுத்தத் தண்ணீரையும் அதே வழியில் இறக்குவது இதற்குத்தான். கை தப்பு செய்தால் அது காட்டிக்கொடுக்கும். அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். காலையில் கணவரின் முட்டிக்குக் களிம்பு தேய்த்த கை. சோப்பு போட்டுக் கழுவியதுதான். ஆனால் கையுறை போடுமுன், ஏதோ நினைப்பில், வெறுங்கையால் குழாய்களை மாட்டியிருந்தாள்.

"ஒரே அளவுதானே? கழிச்சிட்டு கிணறு சுத்தம்னு எழுதிடலாமே" என்றார், நாத்தனார் விஷயம் தெரிந்தவர்.

"என் கையைக் கழிச்சிடலாம் சார். அதுக்குப் பின்னாடி ஆஸ்பத்திரி ஒளிஞ்சிருந்தா? ரெண்டுமே செல்லாதுன்னு எழுதுங்க."

பூட்டிய கிணற்றின் இருட்டில், பதிலை வாய்க்குள் வைத்துக்கொண்டு தண்ணீர் அசையாமல் கிடப்பது அவள் கண்ணில் மிதந்தது. நாத்தனாருக்கு போன் போட்டாள்.

"அப்போ நாளைக்கும் மேடு ஏறணுமா அண்ணி?"

"உன் குடத்தை உங்கண்ணன் தூக்குவார்."

"அவருக்கு முட்டி வலியாச்சே!"

"அந்த முட்டியாலதான்டி இவ்வளவும். தூக்கட்டும்."

காலையில் அவள் கிணற்றில் மறுபடி தண்ணீர் எடுப்பாள். களிம்பைக் கணவரே தேய்த்துக்கொள்வார்.