கஞ்சியில்லை, மருந்து

போன கிழமை கிளிநொச்சியில் டொக்டரிடம் போனேன். சீனி, கொழுப்பு, நிறை எல்லாம் கூடிவிட்டதாம்.

"இரவுக்குக் கஞ்சி மட்டும் குடியுங்கோ. நல்ல தண்ணியாக் காய்ச்சுங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இளவயதில் "தண்ணி விடாதேங்கோ" என்று ஊர் ஊராகக் கத்தித்தான் நான் சம்பளம் வாங்கினேன்.

மா வறுக்கும் மணம் வந்தால் இன்றைக்கும் எனக்குத் தர்மபுரத்தின் தறப்பாள் கொட்டில்கள்தான் ஞாபகம் வரும். சண்டை முடிந்து சனம் திரும்பி வந்த காலம். மெலிந்த பிள்ளைகளுக்குச் சத்துமா கொடுத்து, காய்ச்சும் விதத்தைத் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பால்மா, சீனி போட்டு, தேங்காயெண்ணெய் விட்டுக் கிண்டவேண்டும். கரண்டியைச் சரித்தால் கஞ்சி விழக்கூடாது. வெறுங்கஞ்சியில் உயிர் தப்பி வந்த பெண்களுக்குக் கஞ்சி காய்ச்ச வகுப்பெடுத்த ஆள் நான். அவர்களும் பாவம், கொட்டாவியை மறைத்துக்கொண்டு கேட்டார்கள்.

சுகந்தி அக்காவின் கடைக்குட்டி கபிலனுக்கு மட்டும் நிறை ஏறவில்லை. கையைச் சுற்றி அளக்கும் நாடா சிவப்பிலேயே நின்றது. பிள்ளை தப்புமா என்றே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ஒருநாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். பெரிய பானை நிறையக் கஞ்சி, முகம் பார்க்கலாம் போல அவ்வளவு தண்ணீர். பக்கத்துக் கொட்டில் பிள்ளைகளெல்லாம் கோப்பையோடு குந்தியிருந்தார்கள். கபிலன் கடைசியில் இருந்தான்.

"என்னக்கா இது?"

"கஞ்சி எண்டால் எல்லாருக்கும் காணவேணுமெல்லோ, தங்கச்சி. அங்க சண்டைக்குள்ள எங்களுக்கும் ஆரோ தண்ணி விட்டுத்தானே தந்தவை."

இதற்கு மறுமொழி எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. பொய் சொல்லப் படிப்புத் தேவையில்லையே.

"இது கஞ்சியில்லை அக்கா, மருந்து. மற்றப் பிள்ளையள் குடிச்சால் வயித்தாலை போகும்."

மருந்தில் யார் பங்கு கேட்பார்கள்? கோப்பைகள் எழும்பிப் போயின. அந்தப் பொய் கொட்டில் கொட்டிலாகப் பரவியது. நாடா மஞ்சளுக்கு வந்து, பிறகு பச்சைக்கும் வந்தது. நன்றாகக் கற்பித்தேன் என்று மேலிடம் என்னைப் பாராட்டியது. பச்சை வந்ததும் கபிலனுக்கு மாவை நிறுத்தியதும் அதே மேலிடந்தான்.

போன கிழமை டொக்டரின் வாசலில் சுகந்தி அக்காவைக் கண்டேன். கபிலன் இப்போது கதவுநிலையைத் தொடும் உயரமாம், சோறு வேண்டாமாம், நூடில்ஸ்தான் வேண்டுமாம். டொக்டர் எனக்குக் கஞ்சி எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன்.

"இது கஞ்சியோ, மருந்தோ?" என்று கேட்டுச் சிரித்தார்.

"அண்டைக்கு நான் சொன்னது..."

"பொய்யெண்டு எனக்கு அப்பவே தெரியும். எனக்குப் பிள்ளை வேணுமே, தங்கச்சி. ஆனால் அதுக்குப் பிறகு ஒரு பிள்ளையும் கோப்பையோட வரேல்லை."

இரவு முரசுமோட்டையில் என் குசினியில் கஞ்சி வைத்தேன். டொக்டர் சொன்னபடி தண்ணீர் விட்டதில் பானை நிறைந்துவிட்டது. எனக்கு ஒரு கோப்பை போதும். கோப்பையோடு யாரும் நிற்கிறார்களோ என்று வாசலை எட்டிப் பார்த்தேன். கேட் பூட்டியிருந்தது. பொழுதுபடவே பூட்டியது நான்தான்.