ஒரு ஒலி, இரண்டு கைகள்

"ஏம்மா, கீபோர்டுலயே கிடார் வருதே. சும்மா எதுக்கு உன்னை பூதலூர்லேருந்து அலைய விடணும்?" என்றார் குழுத் தலைவர். கரிசனமாகப் பேசி ஆளை வெளியே அனுப்புவதில் அவரை மிஞ்ச முடியாது. தஞ்சாவூரில் அந்த மெல்லிசைக் குழுவுக்கு ஆறு வருடமாக நான்தான் கிடார் வாசித்து வந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாம் ஒரு பழைய சினிமாப் பாட்டால் வந்த வினை. குத்தாலத்தில் அடுத்த மாதம் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளையின் அப்பா விரும்பிக் கேட்டிருந்தார். பாட்டின் தொடக்கத்தில் கிடார் மட்டும் 'டுக் டுக்' என்று அடக்கமாக, ஆனால் நல்ல கனத்தோடு வரும். ஒத்திகையில் என் கிடாரில் அது வரவில்லை. கீபோர்டு அண்ணன் ஒரு பொத்தானை அழுத்தி ஏறக்குறைய கொண்டுவந்துவிட்டார். மற்றவர்களுக்கு அந்த ஏறக்குறையவே போதுமாக இருந்தது.

"அடுத்த ஒத்திகைக்குள்ள கண்டுபிடிச்சிடுறேன் சார். இல்லன்னா நானே நின்னுக்கிறேன்" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

அந்த வாரம் வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை. உள்ளங்கையால் தந்தியை அழுத்திப் பார்த்தேன். பழைய தந்தி மாட்டினேன். தந்திகளுக்கு அடியில் துணி செருகினேன். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை வெட்டி வைத்தபோது 'டுக்' வந்தது. அம்மாவிடம் திட்டும் வந்தது. கனம் மட்டும் வரவில்லை. எத்தனை முறை வாசித்தாலும் தகர டப்பாவைத் தட்டுவது போலத்தான் இருந்தது.

ஒத்திகை நாளும் வந்துவிட்டது. ரயிலில் அதே பாட்டை இயர்போனில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்த ஒரு அம்மா, "இது தஞ்சாவூர் போவுமா?" என்று கேட்டார். இடது காதில் இருந்ததைக் கழற்றி, "போகும்மா" என்றேன். அதற்குள் பாட்டு மறுபடி தொடங்கியிருந்தது. வலது காதில் என் தகர டப்பா!

அவசரமாக வலதை எடுத்துவிட்டு இடதை மாட்டினேன். அதில் கிடாரே இல்லை. அதே சுரங்களை, அதே நேரத்தில், கனத்த குரலுள்ள பேஸ் ஒன்று கீழ் ஸ்தாயியில் ஒலித்துக்கொண்டிருந்தது. ஒரு கிடார் என்று நான் மல்லுக்கட்டிய ஒலியை இரண்டு பேர் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். தஞ்சாவூர் வந்துவிட்டதென்று அந்த அம்மாவும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

எங்கள் குழுவில் தனியாக பேஸ் கிடார் கிடையாது. கீபோர்டு அண்ணனின் இடது கைதான் பேஸ். யாரால் என் இடம் போகிறதோ அவரிடமே போய்க் கேட்க வேண்டும். கசப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"அண்ணே, நான் வாசிக்கிறதையே இடது கையில பேஸ்ல வாசிங்க. முன்ன பின்ன போவக் கூடாது."

"உன் சீட்டைக் காப்பாத்த நான் வாசிக்கணுமாக்கும்?" என்று சிரித்தார். ஆனாலும் கையை வைத்தார்.

நான்கு முறை ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். ஐந்தாம் முறை இரண்டும் ஒட்டிக்கொண்டன. தலைவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். "இதுதான்! குத்தாலத்துக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க" என்றார்.

குத்தாலத்திலும் அப்படியே வந்தது. பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா மேடையேறி வந்து கீபோர்டு அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அந்த கிடார் சத்தம் அப்படியே ரெக்கார்டுல கேட்ட மாதிரி இருந்துச்சுங்க!" அண்ணனும் வெட்கமே இல்லாமல் தலையாட்டினார். நான் கிடாரைக் கழுத்தில் மாட்டியபடி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"அதுல பாதிதாங்க அவரு!" என்றேன். முன்னால் இருந்த மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது.