தேயாத செருப்பு

பதவி உயர்வோடு ஜமுனாமரத்தூர் பள்ளிக்கு மாற்றல் வந்தபோது என் முதல் கவலை காரைப் பற்றித்தான். மலைப்பாதையில் ஏறுமா, மழைக்கு எங்கே நிறுத்துவது என்று ஊரையே விசாரித்தேன். மனைவியைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. சென்னைக்கு வெளியே எங்கள் அடுக்குமாடி வீட்டில் லிஃப்ட் உண்டு, காவலாளி உண்டு, போனில் சொன்னால் கீரைக்கட்டு கூட வாசலுக்கு வந்துவிடும். அவளுக்கு என்ன குறை? மலையில்தான் பஸ் குறைவு, ஆகவே கார் எனக்குத்தான் வேண்டும். வாத்தியார் மூளை அப்படித்தான் வேலை செய்தது.

அந்த வீட்டுக்கு முன்னால் ஆறு வழிச் சாலை. எதிர்ப்பக்கத்துக் கோயிலும் காய்கறிக் கடையும் பால்கனியிலிருந்தே தெரியும். கடக்கத்தான் வழியில்லை. நடைபாதையில் கார்கள் நிற்கும், பல நாள் அவற்றில் என்னுடையதும் ஒன்று. எதிரே இருக்கும் கோயிலுக்கு நாங்கள் காரில் வெகுதூரம் போய், வண்டியைத் திருப்பி எதிர்ப்பக்கமாக வந்து சேருவோம். அதை வசதி என்று வாய்கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மலைக்கு வந்தபின் தினமும் சாயங்காலம் போன் செய்வேன்.

"இன்னிக்கு வெளிய போனியா?"

"போனேங்க. கோயிலுக்குப் போய்ட்டு இப்பத்தான் வந்தேன்."

எனக்கும் நிம்மதி. போனை வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, பத்து நாள் என்னோடு இருக்கட்டும் என்று அவளை அழைத்து வந்தேன். மறுநாள் வாரச்சந்தை. நான் கார் சாவியை எடுத்ததும் அவள் சிரித்தாள்.

"இன்னாங்க இது, தோ தெரியுது சந்தை. நடந்தே போலாம்."

அவள் இந்தப் பக்கத்துக் கணியம்பாடிக்காரி. மலையைப் பார்த்ததும் பிறந்த ஊர்ப் பேச்சு வந்து ஒட்டிக்கொண்டது. புளி மூட்டையோடு வந்த ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டே முன்னால் நடந்தாள். சந்தைக்குள் நுழையும்போது வலது செருப்பின் அடிப்பாகம் அப்படியே கழன்று விழுந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் இடதும். வாங்கி இரண்டு வருடம்தான். வெளியே போக அவளிடம் இருந்ததும் அந்த ஒரு ஜோடிதான். விற்ற கடைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, சந்தையோரம் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தேன்.

அவர் கட்டைவிரலால் அழுத்தினார். பழைய ரஸ்க் போல உதிர்ந்தது.

"கடைக்காரன் மேல தப்பு இல்ல சார். அடி தேயவே இல்ல பாருங்க. நடந்து அறுந்தது இல்ல இது, போடாம கெடந்து கெட்டது."

"தினமும் கோயிலுக்குப் போட்டுனு போறாங்களே!" என்றேன்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"கடைசியா எப்ப வெளிய போன?" என்று அவளைக் கேட்டேன்.

"போன மாசம் நீங்க வந்து கூட்டினு போனீங்களே, அதான். ரோட்டத் தாண்ட பயமா இருக்குங்க. சொன்னா நீங்க வாரா வாரம் கார ஓட்டினு வந்துருவீங்க. இந்த மலைப்பாதைய நெனச்சா அது இன்னும் பயம்."

அத்தனை பேர் நடுவில் எனக்கு அவமானமாக இருந்தது. எனக்குப் பொழுது போகிறது என்பதற்காக அவளுக்கும் போகிறது என்று எப்படி நம்பினேன்? அவளோ ஒரு ஜோடி ரப்பர் செருப்பைப் பேரம் பேசி வாங்கி, மாட்டிக்கொண்டு, சாமை விற்பவளிடம் போய்விட்டாள்.

அதன்பின் பகலில் அவள் வீட்டில் தங்கவே இல்லை. ஒருநாள் யாரோ அழைத்தார்கள் என்று பஸ் ஏறி அடுத்த கிராமத்துக்கே போய்விட்டாள். நான் பஸ் நிறுத்தத்தில் பதறிப்போய் நின்றால், பலாப்பழத்தோடு சாவகாசமாக இறங்குகிறாள்.

"சாயங்கால பஸ் எப்பன்னு கேட்டுனுதான் போனேன். அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி?"

பத்தாம் நாள் அவளைக் கொண்டுபோய் விடக் காரைத் துடைத்து வைத்தேன். உள்ளே வந்தால் முறத்தில் சாமையைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"கெளம்பலையா?"

"நான் வரல. நீங்க போய் கார அந்த வூட்டுல வுட்டுட்டு, பஸ்ல வாங்க."