புஸ்பவதியின் புள்ளடியும் பிள்ளையார் சுழியும்

புஸ்பவதி எதை எழுதினாலும் முதலில் பிள்ளையார் சுழி போடுவார். கடைக்குக் கொண்டுபோகும் துண்டுக் கடதாசியில் முதலில் சுழி, அதற்குக் கீழேதான் வெங்காயம். மகன் மிதுஷன் சைக்கிளால் விழுந்து கையை முறித்தபோது, வகுப்புப் பெடியள் எல்லாரும் மாவுக்கட்டில் மண்டையோட்டுப் படம் கீறினார்கள். இவர் ஓரமாக ஒரு சுழி போட்டுவிட்டு, "இனிக் கெதியாப் பொருந்தும்" என்றார். எலும்பு பொருந்தியது. அதற்கான பாராட்டு வைத்தியருக்குக் கிடைக்கவில்லை. ஜேர்மன் குடியுரிமைக்கு அன்ட்ராக் என்ற விண்ணப்பம் நிரப்பியபோதும் அப்படித்தான். கந்தோரில் இருந்த அதிகாரி அம்மா தாளின் மேல்மூலையைச் சுட்டி, இது என்ன கையெழுத்தா என்று கேட்டார். "அன்ஃபாங்" என்றார் புஸ்பவதி. தொடக்கமாம். அந்த அம்மாவும் தலையை ஆட்டி முத்திரையைக் குத்திவிட்டார்.

ஊர், ஸ்ருட்கார்ட்டிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம் தள்ளியிருக்கும் ஒரு சின்னப் பட்டினம். யாழ்ப்பாணத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் வந்த புஸ்பவதிக்கு இப்போது ஐம்பத்தாறு. இடையில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார், பிறகு ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கத் தொடங்கினார், இன்னும் துடைக்கிறார். மொழிச் சோதினையில் இரண்டு தரம் கோட்டை விட்டவர். இரண்டாம் தரம் குப்பை பிரிப்பதைப் பற்றிக் கேட்டார்களாம். தயிர்க் கோப்பையின் மூடி எந்த வாளிக்குள் போகவேண்டும் என்று சோதினை வைத்தவரோடேயே வாக்குவாதப்பட்டுவிட்டு வந்தார். மூடியில் இவர் சொன்னதுதான் சரி. சோதினையில் அவர் போட்டதுதான் புள்ளி.

மூன்றாம் தரம் பாஸ். போன இலையுதிர் காலத்தில் குடியுரிமைத் தாளைக் கையில் கொடுத்து, நகரபிதா கை குலுக்கினார். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு நிற்க, புஸ்பவதி அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எப்ப எலெக்சன்?"

ஏனென்றால் அவர் பிறந்ததிலிருந்து ஒருநாளும் வாக்குப் போட்டதில்லை. ஊரில் வாக்குப் போடும் வயது வந்தபோது வாக்குப்பெட்டி வரவில்லை. பெட்டி வந்தபோது ஊரில் சனம் இல்லை. இங்கே வந்த பிறகு எத்தனையோ தேர்தல், எத்தனையோ போஸ்டர். எல்லாம் பக்கத்து வீட்டுக் கலியாணம் மாதிரி. மேளம் கேட்கும், அழைப்பு வராது.

இந்த முறை அழைப்பு வந்தது, தபாலில், அவருடைய பெயர் போட்டு. மாநிலச் சட்டசபைக்கான தேர்தல். புஸ்பவதி அந்தக் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். கணவர் தபோதரன் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் குத்தியது. டயர் கிடங்கில் வேலை செய்யும் தபோதரன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே இல்லை. "இந்த வயதில எனக்கு என்ன சோதினை" என்பது அவருடைய கட்சி.

"இஞ்சேர், நீ சீட்டில போடுற புள்ளடி எங்க போய்ச் சேரப்போகுது?" என்று கேட்டார்.

பதில் மிதுஷனிடமிருந்து வந்தது. வயது பதினேழு. பள்ளிக்கூடத்துக்கும் அவனுக்கும் சரிவராமல் போய், இப்போது வீடுகளுக்குக் குழாய் பூட்டும் வேலை பழகுகிறான். இந்த மாநிலத்தில் பதினாறிலேயே வாக்கு என்று சட்டம் மாறியதால், இங்கேயே பிறந்து குடியுரிமையோடு வளர்ந்த அவனுக்கும் இதுதான் முதல் தேர்தல்.

"ஸ்ருட்கார்ட்டுக்குப் போகும் அப்பா. அங்க அதை வைச்சு ஒரு அரசாங்கம் அமைப்பினம். அந்த அரசாங்கத்தின்ர ஆக்கள்தான் பேர்லினில, பூண்டஸ்ராட் எண்டுற மேல்சபையில, எங்கட மாநிலத்துக்காகக் கை உயர்த்துவினம்."

"அப்ப என்ர புள்ளடி பேர்லின் வரைக்கும் போகுமோ?" என்றார் புஸ்பவதி.

"ஓம். அதுவும் ரயில் பிந்தாமல்."

யாருக்குப் போடுவது என்பதில் புஸ்பவதிக்குக் குழப்பமே இருக்கவில்லை. ஊர்சுலா லிண்ட் என்ற வேட்பாளர் ஒருநாள் விடியமுன் பஸ் தரிப்பிடத்துக்கு வந்திருந்தார். துப்புரவு வேலைக்குப் போகும் பெண்களைத் தவிர அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை. விடியற்காலை பஸ்ஸை நிறுத்தப்போகிறார்களே, எப்படி வேலைக்குப் போவீர்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். போகும்போது, "தேர்தலன்று சந்திப்போம்" என்று கை கொடுத்தார். உங்களுக்கு வாக்கு இருக்கிறதா என்று கேட்கவில்லை. இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டார். புஸ்பவதி அன்று ஆஸ்பத்திரி நிலத்தைத் துடைத்தபோது அதில் முகம் பார்க்கலாம் போல இருந்தது.

எதிர்த்து நின்றவர் டாக்டர் பாவ்மன். அவரைப் பற்றி மிதுஷனுக்குத்தான் அதிகம் தெரியும். தெருவில் தொங்கிய பாவ்மன் படங்களுக்கெல்லாம் கறுப்பு மார்க்கரால் மீசை வைத்தவன் அவன்தான். அடுத்த சனிக்கிழமை பாவ்மன் சந்தையடியில் துண்டுப்பிரசுரம் கொடுக்க வந்தபோது கடதாசியில் ஒரு மீசை வெட்டி ஒட்டிக்கொண்டு வந்தார். சனம் சிரித்தது. மிதுஷன் மட்டும் அன்று முழுக்க ஒரு மாதிரி இருந்தான்.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. புஸ்பவதி தலை முழுகி, மாம்பழக் கலர்ப் பட்டுச்சேலை கட்டி, அதற்கு மேலே குளிர் ஜாக்கெட்டைப் போட்டு ஜிப்பை இழுத்தார். கீழ்ப்பாதி கலியாணவீடு, மேல்பாதி பனிச்சறுக்கல். புறப்படும்போது மிதுஷன் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினான்.

"அம்மா, சின்னவிரலை நீட்ட மறந்திடாதையுங்கோ. மை பூசாட்டி விடமாட்டினம்."

ஜேர்மனியில் மை பூசுவதில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். புஸ்பவதிக்குத் தெரியாது. ஊரில் வாக்குப் போட்டவர்களின் விரலைப் பார்த்து வளர்ந்தவர். அந்த மைக்காகவே முதல் நாள் இரவு நகத்தை வெட்டிச் சுத்தமாக்கி வைத்திருந்தார்.

வாக்குச்சாவடி, பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபம். மேசையில் இருந்தவர்களில் ஒருத்தி லாரா, இவர்களுடைய கீழ்மாடிப் பிள்ளை. டிசம்பரில் நத்தார் வரும்போதெல்லாம் புஸ்பவதி ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் பொரித்து, வாழ்த்துத் துண்டும் வைத்துக் கொடுத்துவிடுவார். லாரா கடிதத்தை வாங்கிப் பெயரைச் சரிபார்த்து வாக்குச்சீட்டைக் கொடுத்தாள். புஸ்பவதி சின்னவிரலை நீட்டினார். லாரா விரலைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு தன்னுடைய சின்னவிரலை நீட்டி அதில் கொளுவி மெல்ல ஒரு ஆட்டு ஆட்டினாள். இதுதான் ஜேர்மன் முறையாக்கும் என்று புஸ்பவதி திருப்தியோடு மறைப்புக்குப் பின்னால் போனார்.

சீட்டு தலையணை உறை அளவுக்கு இருந்தது. பேனையை எடுத்தார். ஒரு புள்ளடி ஆளுக்கு, ஒரு புள்ளடி கட்சிக்கு, இரண்டும் வட்டத்துக்குள். பிசகவில்லை. சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட்டபோது, அது உள்ளே விழும் சத்தம் கேட்கிறதா என்று குனிந்தும் பார்த்தார்.

மத்தியானம் மிதுஷன் எழும்பிப் புட்டுக்கு முன்னால் குந்தினான்.

"எப்பிடி அம்மா, போட்டாச்சோ?"

"வடிவாப் போட்டன். சுழியும் போட்டுத்தான்."

மிதுஷன் மென்றதை நிறுத்தினான். "எங்க போட்டனீங்கள்?"

"மேலதான். வேற எங்க போடுறது."

"சீட்டிலையோ?"

"பின்ன, மேசையிலையோ?"

"அம்மா, அதில புள்ளடியைத் தவிர ஒண்டும் போடக்கூடாது. செல்லாமல் போகலாம்."

"பகிடி விடாதை. காலமை மை எண்டாய், ஒருத்தரும் பூசேல்லை."

"இது பகிடி இல்லை. பாவ்மனுக்குச் சீட்டிலையும் மீசை கீறுவம் எண்டு நினைச்சு, தொழில்பள்ளி ரீச்சரிட்டக் கேட்டனான். அப்பிடி ஏதும் கீறினால் எண்ணுற ஆக்கள் கூடித்தான் முடிவெடுப்பினமாம், செல்லுமோ செல்லாதோ எண்டு."

அப்படி ஒரு காரணத்தை மிதுஷனால் இட்டுக்கட்ட முடியாது. அது உண்மைதான் என்று புஸ்பவதிக்கு விளங்கியது.

தபோதரன் கதிரையில் இருந்து வயிறு குலுங்கச் சிரித்தார். "முப்பத்திநாலு வருசம் காத்திருந்து, கடைசியில பிள்ளையாருக்கு வாக்குப் போட்டிட்டு வந்திருக்கிறா."

வழக்கமாக இதற்கு இரண்டு திருப்பிக் கொடுப்பவர் புஸ்பவதி. அன்று குசினிக்குள் போய், கழுவி வைத்த புட்டுப்பானையை எடுத்துத் திரும்பவும் கழுவினார். சேலை நனைந்தது. அதையும் பார்க்கவில்லை. மிதுஷன் வாசலில் நின்று அந்த முதுகைப் பார்த்தான். பிறகு சப்பாத்தைக் கொளுவினான்.

"நான் போய் என்ர வாக்கைப் போட்டிட்டு வாறன்."

போன வேகத்தில் திரும்பி வந்தான். "அம்மா, ஆறு மணிக்கு எண்ணத் தொடங்குவினம். ஆரும் போய் நிண்டு பாக்கலாம். பின்னேரம் வெளிக்கிடுங்கோ."

"எங்களை விடுவினமோ?"

"கதவைப் பூட்டக்கூடாது எண்டுதான் சட்டம். ஆனா ஒண்டு, வாய் திறக்கக்கூடாது."

ஆறு மணிக்குப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். மண்டபத்து மேசைகளில் வாக்குச்சீட்டுகள் மலையாய்க் குவிந்தன. ஐந்து பேர் பிரித்து அடுக்கினார்கள். தடித்த கண்ணாடி போட்ட வயதான மனிதர் தலைவர். லாரா இருந்தாள். பச்சைக் கம்பளிச் சட்டைக்காரர் ஒருவர், எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்ப்பவர். மற்ற இருவரும் கையை மட்டும் வேலை செய்ய விட்டவர்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் தாயும் மகனும். வேறு யாரும் இல்லை. புஸ்பவதி கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார், யாரோ அவரைக் கப்பலில் ஏற்றிவிட்டது போல.

பச்சைச் சட்டைக்காரர் ஒரு சீட்டைத் தூக்கினார். "இதில ஏதோ கிறுக்கியிருக்கு."

புஸ்பவதிக்கு அங்கிருந்தே தெரிந்தது. அவருடைய சுழி. அழகான, நிமிர்ந்த சுழி, கீழே இரட்டைக் கோடு.

"ஒருபக்கம் வையுங்கோ. பிறகு பாப்பம்" என்றார் தலைவர். "பேனை எழுதுதோ எண்டு பாத்திருப்பினம்."

பேனையும் இல்லை, கோதாரியும் இல்லை, அது பிள்ளையார் என்று புஸ்பவதிக்கு நாக்கு நுனிவரை வந்தது. மிதுஷன் ஜாக்கெட்டின் கையைப் பிடித்து இழுத்தான். வாயைத் திறந்தால் அது தன்னுடைய சீட்டு என்று அவரே சொன்ன மாதிரி. வாக்கு இரகசியம். வாழ்நாளில் இவ்வளவு நேரம் அவர் பேசாமல் நின்றதில்லை.

அப்போது பச்சைச் சட்டைக்காரர் இன்னொன்றைத் தூக்கினார். "இஞ்ச பாருங்கோ. அதே அடையாளம்."

புஸ்பவதி எட்டிப் பார்த்தார். சுழிதான். ஆனால் என்ன சுழி. கால் உடைந்த தாரா வாத்து தண்ணீரில் குந்தியிருப்பது போல ஒரு சுழி. இந்தப் பகுதியில் வேறு தமிழ் வீடு கிடையாது. அவர் மெல்லத் திரும்பி மகனைப் பார்த்தார். மிதுஷன் சுவரில் இருந்த பாஸ்கட்போல் வளையத்தைச் சாமி படம் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்மாவின் சீட்டுத் தனியாகச் செல்லாமல் போகக்கூடாது. போனால் இரண்டும் சேர்ந்து போகட்டும். அதற்காகத்தான் அவன் மத்தியானம் ஓடிப் போனது. புஸ்பவதிக்கு அந்தக் கணத்தில் அவனுக்கு ஒரு அறை கொடுக்கவும் வேணும்போல இருந்தது, கட்டிப்பிடிக்கவும் வேணும்போல இருந்தது. ஏனென்றால் அவன் செய்த உபகாரம் இப்போது உபத்திரவமாகிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேர் ஒரே மாதிரிப் பேனையைப் பரிசோதிப்பினமோ?" என்றார் பச்சைச் சட்டைக்காரர். "இது பேசி வைச்ச அடையாளம். ரெண்டும் செல்லாது."

லாரா அந்த இரண்டு சீட்டையும் வாங்கிப் பார்த்தாள். நத்தார் ரோல்ஸ் பெட்டிக்குள் வருசா வருசம் அவளுக்கு வரும் துண்டின் தலையிலும் இதே அடையாளம்தான். புஸ்பவதி அவள் முகத்தைப் பார்த்தார். லாரா நிமிர்ந்து கயிற்றுப் பக்கம் பார்க்கவே இல்லை. காது மட்டும் சிவந்தது.

"புள்ளடி எல்லாம் வட்டத்துக்குள்ள தெளிவா இருக்கு" என்றாள். "வட்டத்துக்குள்ள வேற ஒண்டும் இல்லை. ஆருக்குப் போட்டிருக்கினம் எண்டதில எனக்குச் சந்தேகம் இல்லை. பேசி வைச்சது எண்டால் ஒரே ஆளுக்கெல்லோ போட்டிருப்பினம். இது லிண்டுக்கு. மற்றது பாவ்மனுக்கு."

புஸ்பவதியின் கை கயிற்றை விட்டது. பாவ்மனுக்கா? மிதுஷன் இப்போது வளையத்தை விட்டுவிட்டு மண்டபத்துக் கூரையைப் பார்க்கத் தொடங்கியிருந்தான்.

"சரி, கை உயர்த்துவம்" என்றார் தலைவர். "ரெண்டுக்கும் சேர்த்து."

செல்லும் என்று இரண்டு கை. செல்லாது என்று இரண்டு கை. மிச்சம் தலைவர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். முதல் சீட்டைக் கிட்டப் பிடித்தார், எட்டப் பிடித்தார். புஸ்பவதி உள்ளுக்குள் பிள்ளையாரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். தேங்காய் கூடிக்கொண்டே போனது.

"என்ர பேத்தியும் எல்லாத்திலையும் கீறுவாள்" என்றார் தலைவர் கடைசியில். "ஆனா இவ்வளவு கவனமாக் கீறமாட்டாள். இது ஒரு வேட்பாளரைப் பற்றியும் ஒண்டும் சொல்லேல்லை. எழுதினது ஆர் எண்டும் சொல்லேல்லை. செல்லும். ரெண்டும் செல்லும்."

தாள்களின் பின்பக்கத்தில் அவர் அதை எழுதி ஒப்பம் வைத்தார். ஒன்று லிண்டின் அடுக்கில் விழுந்தது, ஒன்று பாவ்மனின் அடுக்கில். இந்த முறை புஸ்பவதிக்கு அது விழும் சத்தமும் கேட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் பாவ்மனின் மீசைப் படம் ஒன்று விளக்குக் கம்பத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே வந்ததும் புஸ்பவதி நின்றார்.

"பிள்ளையாரின்ர பேரைச் சொல்லி சிலபேர் பாவ்மனுக்கும் போடீனம் போல."

"வாக்கு இரகசியம் அம்மா."

"நான் ஒண்டும் கேக்கேல்லையே. சும்மா சொன்னனான்."

மிதுஷன் காலால் ஒரு கல்லைத் தட்டினான். "மீசை வைச்சதுக்குக் கோபிக்காமல் தானும் ஒட்டிக்கொண்டு வந்த மனுசன் பாவம் எண்டு ஆரோ நினைச்சிருப்பினம்."

"என்ர புள்ளடியை உன்ர புள்ளடி வெட்டிப்போட்டுது, மோட்டுப் பெடி."

"வெட்டுறதெண்டால் முதல்ல எண்ணோணும் அம்மா. ரெண்டையும் எண்ணினவை."

புஸ்பவதி அவனுடைய தலைமயிரைப் பிடித்து ஒரு உலுப்பு உலுப்பினார். அவ்வளவுதான்.

வீட்டில் தபோதரன் கைபேசியை மூக்கோடு ஒட்டிப் பிடித்துத் தொகுதி முடிவு பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இதில் அக்கறை இல்லை என்றுதான் இதுவரை எல்லாரும் நினைத்திருந்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்குக் கோப்பை வைக்கும் நேரம் கதிரையை விட்டு எழும்பினார்.

"இஞ்சேர் புஸ்பம், உன்ர லிண்ட் வெண்டிட்டா. கொஞ்ச வாக்குத்தான் வித்தியாசமாம்." கைபேசியைக் கீழே வைத்தார். "உன்ர சீட்டு என்ன மாதிரி?"

"செல்லும்" என்றார் புஸ்பவதி. "பேர்லின் வரைக்கும் போகுதாம்."

"பிள்ளையாரும் சேர்ந்தோ?"

"அவரில்லாமல் எங்க போறது."

தபோதரன் சிரிக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பால் எடுத்தார். கதவில் அந்தக் கடிதம் தொங்கிய இடத்தில் இப்போது காந்தம் மட்டும் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, மொழிச் சோதினைக்கு என்ன என்ன கேட்பார்கள் என்று மகனிடம் மெதுவாகக் கேட்டார். தயிர்க் கோப்பையின் மூடியைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள் என்று மிதுஷன் முகத்தை மாற்றாமல் சொன்னான்.

புஸ்பவதி சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டுக் கடதாசியும் பேனையும் கொண்டுவந்து மகனுக்கு முன்னால் வைத்தார்.

"போட்டுக் காட்டு பாப்பம்."

"என்னத்தை?"

"சுழியை. அடுத்த எலெக்சனுக்கும் அந்தக் கால் உடைஞ்ச தாராவைக் கொண்டு போகாதை. ஆக்கள் பாக்கினம்."

"அடுத்த முறை சீட்டில ஒண்டும் கீற ஏலாது அம்மா. தலைவர் மாறினால் செல்லாது."

புஸ்பவதி யோசித்தார். "அப்ப போறதுக்கு முதல் கையில போட்டுக்கொண்டு போவம்" என்று சொல்லி, தன்னுடைய சின்னவிரலை அவனிடம் நீட்டினார்.